கதையும் வயதும்

ஒரு நூலோ திரைப்படமோ ஒருவரை எந்த அளவுக்கு மாற்றும் என்பதை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: அந்தப் படைப்பு, அது வந்து சேரும் வயது, அப்போது அருகில் இருக்கும் மனிதர். முதல் காரணியைப் பற்றி இலக்கிய விமர்சகர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். மற்ற இரண்டையும் உளவியலும் நரம்பியலும் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளாகச் சோதனைகள் வழியே ஆராய்ந்து வருகின்றன. மனித மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே போகிறது. அதன் பிறகும் கற்பதற்கேற்பத் தன் இணைப்புகளைத் திருத்திக்கொள்கிறது. அதனால் ஒரே கதை நான்கு வயதில் ஒரு வேலையும், பதினாறில் வேறொரு வேலையும், எழுபதில் இன்னொரு வேலையும் செய்கிறது.

இதைப் பார்க்கக் கேரளத்தின் கிழக்கு எல்லை நல்ல இடம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது இப்பகுதிகள் கேரளத்தில் சேர்ந்தன. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், மேற்படிப்பில் ஆங்கிலம் என்று வளரும் ஒரு குழந்தைக்குக் கதைகளும் மூன்று மொழிகளில், மூன்று திசைகளிலிருந்து வருகின்றன. எந்தக் கதை எந்த வயதில் ஒட்டுகிறது என்ற கேள்வி இங்கே தினசரி வாழ்க்கையின் பகுதி.

திரைக்கு முன்பிருந்த திரை

திரைப்படம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாலக்காட்டில் ஒரு திரை இருந்தது. பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்து, கம்பராமாயணத்தை அடிப்படையாகக் கொண்டது. கோயில் வளாகத்தில் இதற்கென்றே கட்டப்பட்ட கூத்துமாடத்தில் 42 அடி நீளத் துணி கட்டப்படும். அதன் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகள் ஏற்றப்படும். முன்பு மான் தோலிலும் இப்போது ஆட்டுத் தோலிலும் செதுக்கப்படும் பாவைகளின் நிழல் துணியில் விழ, புலவர்கள் கம்பனின் தமிழ்ப் பாடலைச் சொல்லி விளக்கமும் தருவார்கள். ஏழு இரவு, 14 இரவு, 21 இரவு என்று கூத்து நீளும். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராமாயணப் போரைக் காண முடியாமல் போன பத்திரகாளிக்காகவே இது நடத்தப்படுகிறது என்பது நம்பிக்கை. எனவே மனிதப் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. ஷொரணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த ராமச்சந்திரப் புலவர் இக்கலைக்காக 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இந்தத் திரைக்கு வயது வரம்பு கிடையாது. தூக்கக் கலக்கத்தோடு பாட்டி மடியில் இருக்கும் குழந்தையும், போர்க் காட்சிக்காக விழித்திருக்கும் இளைஞரும், ஒரு பாட்டுக்குப் புலவர் சொல்லும் விளக்கத்தைக் கவனிக்கும் முதியவரும் ஒரே நிழலைத்தான் பார்க்கிறார்கள். மூவரின் மூளையும் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றில்லை. அது ஏன் என்பதை வயது வரிசையில் பார்க்கலாம்.

முதல் ஆறு ஆண்டுகள்: குரல்

எழுத்து தெரியாத வயதில் கதை என்பது ஒரு மனிதக் குரல். இதை நேரடியாகக் காட்டிய ஆய்வு 2003இல் பாட்ரிசியா கூல் குழுவினர் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் அமெரிக்கக் குடும்பங்களின் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு, சீன மொழி பேசுவோர் 12 அமர்வுகளில் பொம்மை காட்டி, புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். அக்குழந்தைகள் அம்மொழியின் நுட்பமான ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளும், ஒலிப்பதிவாக மட்டும் கேட்ட குழந்தைகளும் எதையும் கற்கவில்லை. கண்ணைப் பார்த்து, சிரித்து, விரல் நீட்டிய பொருளுக்குப் பெயர் சொல்லும் ஆள் இருந்தால்தான் அந்த வயதில் மொழி ஒட்டுகிறது.

இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு நடைமுறைப் பொருள் உண்டு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் உள்ள தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. தாய் கொழுந்தெடுக்கப் போன பிறகு, காப்பகத்தின் ஆயாவும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கும் பாட்டியுமே குழந்தையின் முதல் கதைசொல்லிகள். அந்த இடத்தைத் தொலைக்காட்சி பிடித்துக்கொண்டால் குழந்தை அமைதியாக இருக்கும். சொற்கள் சேர்வது குறையும்.

வாசித்துக் காட்டும் முறையும் முக்கியம். 1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோரிடம் ஒரு மாற்றத்தை மட்டும் கேட்டார்கள்: கதையை நேராக வாசித்து முடிக்காமல், நடுநடுவே நிறுத்திக் குழந்தையிடம் கேள்வி கேட்க வேண்டும், அது சொல்வதை நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில் அக்குழந்தைகள் பேச்சுத் திறனில் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். "அப்புறம் நரி என்ன பண்ணுச்சு?" என்று கேட்கும் பாட்டி அறிந்தோ அறியாமலோ இதே பயிற்சியைத்தான் செய்கிறார்.

நான்கு வயதையொட்டி இன்னொரு கதவு திறக்கிறது. தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற புரிதல் அப்போதுதான் உறுதிப்படுகிறது என்று 1983இல் விம்மரும் பெர்னரும் ஒரு சோதனையால் காட்டினார்கள். ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான்; அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றுகிறார்; திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைச் சொல்கிறார்கள். நான்கு, ஐந்து வயதினர் அவன் வைத்த இடத்தைச் சொல்லத் தொடங்குகிறார்கள். பாவைக்கூத்தில் துறவி வேடத்தில் ராவணன் வரும் கட்டத்துக்கும் இது பொருந்தும். வந்திருப்பவன் யார் என்று பார்ப்பவருக்குத் தெரியும், சீதைக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பயம் பிறக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அங்கே தெரிவது அசையும் உருவங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது ஒரு கதை.

ஆறு முதல் பதினொன்று: எழுத்து

வாசிப்புக்கென்று மூளை பிறவியிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கவில்லை. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் இடப்பக்க மூளையின் பின்பகுதிப் பரப்பில் ஒரு துண்டை எழுத்துக்காகப் பழக்கிக்கொள்கிறது என்று ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் போன்ற நரம்பியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் முழுமையடையும் வரை, எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் செலவாகிவிடுகிறது. கதைக்கு மிச்சம் இருப்பதில்லை. 1983இல் ஜீன் சால் வகுத்த வாசிப்புப் படிநிலைகளின்படி, ஏறத்தாழ மூன்றாம் வகுப்பு வரை குழந்தை வாசிக்கக் கற்கிறது. அதன் பிறகு கற்பதற்காக வாசிக்கிறது.

இந்திய எழுத்துமுறைகளில் இந்தக் கணக்கு சற்று நீளும். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுமையாகப் பிடிபட நான்காம் வகுப்பைத் தாண்டியும் காலம் ஆகிறது என்று கண்டார். எழுத்துகளின் எண்ணிக்கையும் உயிர்மெய் வடிவங்களின் சிக்கலும் இதற்குக் காரணம். எல்லைப் பகுதியில் தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்கு இரட்டை வேலை. தமிழில் ஒரே ககரம் இடத்துக்கேற்ப மூன்று விதமாக ஒலிக்கும். மலையாளத்தில் அந்த வரிசைக்கு நான்கு தனி எழுத்துகள். 2017ஆம் ஆண்டின் மலையாள மொழி கற்றல் சட்டப்படி கேரளப் பள்ளிகள் அனைத்திலும் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம். அரசியலமைப்பின் 350அ பிரிவோ, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்து நிறைவேற்றும் பொறுப்பு ஏழு வயதுக் குழந்தையின் கண்ணுக்கும் விரலுக்கும் வந்து சேர்கிறது.

இந்த வயதில் படக்கதைகளும் சிறுவர் இதழ்களும் பயன்படுவது இதனால்தான். 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா' இதற்கு நல்ல சான்று. அதன் மலையாளப் பதிப்பு 'அம்பிலி அம்மாவன்' என்ற பெயரில் வந்தது. கதையும் ஓவியமும் பொது. எழுத்து மட்டும் வேறு. தமிழில் படித்த கதையின் படத்தை மலையாள இதழில் பார்க்கும் குழந்தைக்குப் பாதிப் பொருள் முன்கூட்டியே தெரிந்திருக்கும். புதிய எழுத்தைக் கூட்டும் சுமையை அந்த முன்னறிவு குறைக்கும். அதன் விக்கிரமாதித்தன்–வேதாளம் வரிசையில் ஒவ்வொரு கதை முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். வைட்ஹர்ஸ்ட் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டதை அந்தக் கதை வடிவம் தானாகவே செய்துவிடுகிறது.

பன்னிரண்டு முதல் இருபத்தைந்து: நாயகன்

வாழ்நாளில் நூலும் படமும் மிக ஆழமாகப் பதியும் காலம் இது. வயது முதிர்ந்தவர்களிடம் தங்கள் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து முதல் முப்பது வயது வரையிலான நிகழ்வுகள் விகிதத்துக்கு மீறி அதிகமாக வருகின்றன என்பதை டேவிட் ரூபினும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் எடுத்துக்காட்டினார்கள். ஸ்டீவ் யான்சன் குழுவினர் 2007இல் இதைக் கலைக்கு நீட்டித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பிடித்த நூல், படம், இசைத்தட்டு எவை என்று கேட்டபோது, பதின்வயதிலும் இருபதுகளிலும் சந்தித்தவையே பட்டியலில் மேலோங்கின. இந்த மேடு இசையில்தான் மிகத் தெளிவாக இருந்தது. காரணம், பாட்டை ஆயிரம் முறை கேட்கலாம். நாவலை அத்தனை முறை யாரும் படிப்பதில்லை. திரும்பத் திரும்பச் சந்திப்பது பதிவை உறுதியாக்குகிறது.

முதல்முறை நிகழும் எதுவும் நன்றாகப் பதியும் என்பது இன்னொரு காரணம். "நான் யார்?" என்ற கேள்வி இந்த வயதின் மையப் பணி என்று எரிக் எரிக்சன் 1950இலேயே எழுதினார். அதற்கான விடைகளைக் கதைமாந்தர்களிடமிருந்து இளைஞர்கள் கடன் வாங்கிப் போட்டுப் பார்க்கிறார்கள். பரிசு, புகழ், நண்பர் மதிப்பு ஆகியவற்றுக்குக் கூர்மையாக எதிர்வினை செய்யும் மூளைப் பகுதிகள் முன்பே முதிர்ந்துவிடுகின்றன. நிதானிக்கச் சொல்லும் நெற்றிப்பகுதி மூளைக்கு அதற்கு இன்னும் சில ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

திரையில் மட்டுமே கண்ட ஒருவரோடு உறவு இருப்பதாக மனம் உணர்வதை 1956இல் ஹோர்ட்டனும் வோலும் விவரித்தார்கள். தமிழ்நாட்டு ரசிகர் மன்றங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அதன் பெரிய எடுத்துக்காட்டான எம்.ஜி.ஆரின் குடும்ப வேர் பாலக்காட்டு மண்ணில்தான் இருக்கிறது. அவருடைய தாய் சத்தியபாமாவின் ஊர் கொல்லங்கோட்டுக்கு அருகிலுள்ள வடவன்னூர். அங்குள்ள வீடு இன்று நினைவில்லம். ஏழைக்குத் துணைநிற்கும் திரை நாயகன் 1977இல் முதலமைச்சரானது எப்படி என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியான தம் ஆங்கில நூலில் ஆராய்ந்தார். திரையில் உருவாகும் உறவு வாக்குச்சாவடி வரை வரக்கூடியது.

நூல்களில் இதே வயதைப் பிடித்துக்கொண்டது ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்'. 1969இல் நூலாக வந்த இந்த மலையாள நாவல், குற்றவுணர்வோடு ஊரைவிட்டு வந்து ஓராசிரியர் பள்ளி நடத்தும் ரவி என்ற இளைஞனின் கதை. பாலக்காட்டுக்கு அருகிலுள்ள தஸ்ராக் என்ற சிற்றூரே கசாக் ஆனது. விஜயனின் சகோதரி அங்கே ஓராசிரியர் பள்ளி ஆசிரியையாக இருந்தார். அந்த நாள்களில்தான் விஜயனுக்கு ஊர் அறிமுகம். எழுபதுகளிலிருந்து கேரளக் கல்லூரி மாணவர்கள் ரவியைத் தங்களில் ஒருவனாக வரித்துக்கொண்டார்கள். தமிழில் யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. இருபதில் இதைப் படிப்பவர் ரவியோடு நடக்கிறார். ஐம்பதில் படிப்பவர் அல்லாப்பிச்சை மொல்லாக்காவின் முதுமையைக் கவனிக்கிறார். நூலில் ஒரு சொல்லும் மாறுவதில்லை. வாசகர் வேறொரு வயதிலிருந்து வருகிறார்.

நடுவயது: தன் வாழ்க்கை

வேலையும் குடும்பமும் வந்த பிறகு கதையைத் தேடும் நேரம் குறைகிறது, அனுபவம் கூடுகிறது. கதைக்குள் முழுவதுமாக ஆழ்ந்துபோகும் நிலையை மெலனி கிரீனும் டிமோதி பிராக்கும் 2000இல் அளக்கத் தொடங்கினார்கள். அப்படி ஆழ்ந்தவர்களின் கருத்துகள் கதையின் போக்குக்கேற்ப நகர்ந்தன. கதை பேசும் வாழ்க்கையோடு முன்பே பழக்கம் உள்ளவர்கள் கூடுதலாக ஆழ்கிறார்கள் என்று கிரீனின் 2004 ஆய்வு சொன்னது.

'மேற்குத் தொடர்ச்சி மலை' இதற்கு அருகிலுள்ள சான்று. லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளிவந்த இப்படம் தேனி–இடுக்கி எல்லையில் நடக்கிறது. நிலமற்ற தொழிலாளி ரங்கசாமி ஏலக்காய் மூட்டை சுமந்து மலைப்பாதையில் இறங்குகிறார். கொஞ்சம் நிலம் வாங்குவது அவருடைய கனவு. கடைசியில் தன்னுடையதாக இருந்த அதே மண்ணில் காற்றாலைக்குக் காவலாளியாக நிற்கிறார். நகரத்துப் பார்வையாளருக்கு இது ஒரு செய்தி. அந்தப் பாதையில் ஏறி இறங்கியவருக்கு, மூட்டை சரியும் காட்சியில் தோள் வலி தெரியும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலும் இப்படிப்பட்டதே. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' ஆனது. பாலாவின் 'பரதேசி' (2013) படத்துக்கும் அதுவே அடிப்படை. கங்காணி ஆள் பிடித்த காலத்தைப் பாட்டன் வாய்மொழியாகக் கேட்ட தோட்டக் குடும்பங்களுக்கு, அந்த நூல் எழுத்தில் வந்த சொந்த வரலாறு.

நடுவயது வாசிப்புக்கு நூல்களின் எண்ணிக்கை பெரிதாகத் தேவையில்லை என்பதற்கும் இடுக்கியில் சான்று உண்டு. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியில், முதுவான் மக்கள் நடுவே பி.வி. சின்னத்தம்பி என்ற தேநீர்க்கடைக்காரர் தம் குடிசைக் கடையில் ஒரு நூலகம் நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் அதைப் பற்றி எழுதியபோது அங்கே இருந்தவை 160 நூல்கள். சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும், பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், லலிதாம்பிகா அந்தர்ஜனம் ஆகியோரின் நூல்களும் அவற்றில் அடக்கம். உறுப்பினராக 25 ரூபாய். மாதச் சந்தா இரண்டு ரூபாய். 2013இல் 37 முறை நூல்கள் இரவல் போனதாக அவருடைய பதிவேடு காட்டியது. யானை நடமாடும் காட்டுக்குள், மொத்த நூல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஓராண்டில் வெளியே போயிருக்கிறது. நூலைக் கையில் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்ததும், உட்கார ஒரு பெஞ்சும் குடிக்கத் தேநீரும் கிடைத்ததும் இதற்குக் காரணங்கள். 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்தின் அடிப்படையும் இதுவே.

முதுமை: திரும்புதல்

எஞ்சிய காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் புதிய தகவலைவிட மனநிறைவு தருவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது லாரா கார்ஸ்டென்சனின் கோட்பாடு. முதியவர்கள் பழைய படத்தையே மறுபடி பார்ப்பதும், தெரிந்த நூலையே திரும்ப எடுப்பதும் மந்தத்தின் அடையாளமில்லை. கேரளத்தில் கற்கடக மாதம் முழுவதும் வீடுகளில் மலையாளக் கவி எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் வாசிக்கப்படுகிறது. எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாக மரபு சொல்லும் குருமடம் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை ஒரே நூலை முடிக்கும் ஒருவர், முந்தைய ஆண்டின் தன்னையும் சேர்த்தே வாசிக்கிறார்.

வாசிப்புக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா? அமெரிக்காவில் 3,635 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த தரவுகளை ஆராய்ந்த 2016 ஆய்வு, நூல் படிப்பவர்களிடம் இறப்பு அபாயம் 20 விழுக்காடு குறைவு என்றது. வருமானம், கல்வி, உடல்நலம் ஆகியவற்றுக்கு இடம் கொடுத்துக் கணக்கிட்ட பிறகும் இந்த வேறுபாடு நின்றது. ஆனாலும் இது கண்காணிப்பு ஆய்வு. வாசிப்புதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை.

புதிதாக எழுத்தைக் கற்க எந்த வயதும் தாமதமில்லை. உத்தரப் பிரதேசக் கிராமத்தில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்தபோது, மூளையின் ஆழ்பகுதிகளுக்கும் பார்வைப் புறணிக்கும் இடையிலான தொடர்பு வலுப்பட்டதாக 2017இல் ஓர் ஆய்வு கூறியது. 2018இல் கேரள எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வில் 100க்கு 98 பெற்ற கார்த்தியாயனி அம்மாவுக்கு அப்போது வயது 96.

மாற்றத்தின் அளவு

ஒரே கதை ஒருவரை நல்லவராக்கும் என்ற வாதத்தை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். இலக்கியப் புனைவைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனத்தை அறியும் திறன் கூடும் என்று 2013இல் கிட், காஸ்டானோ என்ற ஆய்வாளர்கள் அறிவித்தது உலகெங்கும் செய்தியானது. 2016இல் வேறு ஆய்வகங்கள் அதைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 14 ஆய்வுகளைத் தொகுத்த 2018 பகுப்பாய்வு, புனைவு வாசிப்புக்கு விளைவு உண்டு, ஆனால் சிறிது என்று முடித்தது. வன்முறைப் படத்தைப் பார்த்த குழந்தைகள் பொம்மையை அதேபோல் தாக்கியதை ஆல்பர்ட் பண்டூரா 1963இல் பதிவு செய்தார். அதுவும் சோதனைக்கூடத்தில், சில நிமிடங்களில் அளந்த விளைவுதான். ஒரு நூலின் தாக்கம் சிறிது. ஆண்டுக்கணக்கில் சேரும் நூல்களின் தாக்கம் பெரிதாக இருக்கக்கூடும்.

இந்த அத்தியாயத்தின் முடிவுகள் நடைமுறைக்கு எளியவை. ஆறு வயது வரை திரையைவிட மனிதக் குரல் தேவை. பதினொன்று வரை, வீட்டு மொழியில் படங்களோடு கூடிய நூல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; இரண்டாம் மொழி அதன் மேல் ஏறும். பதின்வயதில் பட்டியலைத் திணிப்பதைவிடப் பலவகை நூலும் படமும் கண்ணில் பட வைப்பதே பலன் தரும். பெரியவர்களுக்கு அவர்கள் வாழ்க்கையைப் பேசும் படைப்புகளும், முதியவர்களுக்குப் பெரிய எழுத்தும் கேட்க ஒரு துணையும் வேண்டும். தமிழும் மலையாளமும் கலந்து வாழும் எல்லை ஊர்களில், ஒவ்வொரு வாசகசாலையிலும் இரு மொழி நூல்களும் ஒரே அலமாரியில் இருந்தால் இவற்றில் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.